உடனிருக்க வேண்டும்

ரோஷினிக்கு இந்தியப் படம் வேண்டியிருந்தது. மறுநாள் சமூக அறிவியல் வகுப்புக்கு ஆறுகளைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். கோடு மட்டும் போட்ட அந்தத் தாள் எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும். "வாம்மா, போய் வாங்கிட்டு வந்துடலாம்" என்று அவள் எழுந்ததும் வனஜாவும் எழுந்துவிட்டாள். வாசலில் ஒரு காலில் செருப்பை நுழைத்த பிறகுதான் பின்னாலிருந்து சாவித்திரியின் குரல் வந்தது.

"வனஜா, நீ ஒக்காரு."

சாவித்திரி, வனஜாவை விவாகரத்து செய்த இளங்கோவின் அக்கா. கணவர் இறந்த பின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். ரோஷினியை ஐந்து வயதிலிருந்து வளர்ப்பவள். மாதத்தின் மூன்றாவது ஞாயிறு, காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, கரையான்சாவடியில் இருக்கும் அந்த வீட்டுக் கூடத்தில் வனஜா மகளோடு உட்கார்ந்திருப்பாள். எதிர் நாற்காலியில் சாவித்திரி டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பாள். ஆறு வருடமாக இதுதான் ஏற்பாடு.

"கடைக்குத்தான் அக்கா. ரோட்டுக்கு அந்தாண்ட."

"தெரியுது. அடுப்புல கொழம்பு கீது, என்னால கூட வர முடியாது. இளங்கோவும் கடையில கீறான். கோர்ட்டுல எழுதினதுதானே, நானா சொல்றேன்?" பிறகு ரோஷினியிடம் திரும்பினாள். "நீ போய்ட்டு வாடி. பாத்து கிராஸ் பண்ணு."

வனஜா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மகள் சாலை ஓரத்தில் நின்றாள். ஒரு பேருந்தையும் இரண்டு ஷேர் ஆட்டோக்களையும் போகவிட்டாள். கையை உயர்த்திக் காட்டியபடி, பெரிய மனுஷி மாதிரி அவசரப்படாமல் கடந்து போனாள். பதினோரு வயதுப் பெண் அந்த ரோட்டைத் தனியாகத் தாண்டலாம். பெற்றவளோடு சேர்ந்து தாண்டக் கூடாது. ஜன்னலோரம் நின்றபோதுதான் அது வனஜாவுக்கு உறைத்தது. இத்தனை வருடமும் அந்த ஏற்பாட்டைத் தனக்கு விதிக்கப்பட்டதாகவே நினைத்துப் பொறுத்துக்கொண்டிருந்தாள். அது எவ்வளவு கோணலானது என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. ரோஷினி தாளைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போல் தரையில் விரித்து, "நர்மதா எந்தப் பக்கம்மா ஓடும்?" என்று கேட்டாள். வனஜா பக்கத்தில் உட்கார்ந்து, மேற்கே கடல் பக்கமாக விரலை ஓட்டிக் காட்டினாள்.

வனஜாவுக்கு வலிப்பு இருந்தது. பிள்ளை பிறந்த பிறகு வந்தது. முதலில் வருடத்துக்கு ஒன்றிரண்டு, பிறகு மாதத்துக்கு ஒன்று. இளங்கோ கெட்டவன் இல்லை. டைல்ஸ் கடைக்கு லீவு போட்டுவிட்டு அவளை இரண்டு மூன்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவன்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் விழும்போது அவன் முகத்தில் வந்த பயம், பின்னால் அருவருப்பு மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் காலை அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கையில் விழுந்தாள். பால் பாத்திரம் கவிழ்ந்தது. ஐந்து வயது ரோஷினி இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். பிள்ளை மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. ஆனால் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே அந்த வீட்டில் பேச்சாயிற்று. அன்று மத்தியானமே அவளை ஆவடியில் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். எட்டு மாதத்தில் இருவரும் சம்மதித்த விவாகரத்து. பிள்ளை தந்தையிடம். தாய் பார்க்கும் நேரத்தில் தந்தை தரப்புப் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

யாரும் அவள் கையை முறுக்கிக் கையெழுத்து வாங்கவில்லை. அண்ணன் பேனாவை நீட்டினான், அவள் போட்டாள். அப்போது தின்றுகொண்டிருந்த மாத்திரைகளில் தலை எப்போதும் பஞ்சடைத்தது போலிருக்கும். ஆனால் காரணம் அது மட்டுமில்லை. அந்த வரியை அவளே நம்பினாள். தன்னிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றுகிற வரி அது என்று நினைத்தாள்.

பிறகு வேறு டாக்டர், வேறு மாத்திரை. மெல்ல மெல்லப் பஞ்சு விலகியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த முதல் வாரமே தன் லைனில் வேலை செய்கிற பதினொரு பேரையும் டீ நேரத்தில் உட்காரவைத்து, தனக்கு என்ன இருக்கிறது, விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கொரட்டூரில் மாடியில் ஒரு ரூமும் சமையலறையும் வாடகைக்குப் பிடித்தாள். காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் கைப்பேசி மணியடிக்கும், மாத்திரை விழுங்குவாள். அப்படி நாலு வருடம் ஓடியது. ஒருமுறைகூட விழவில்லை.

வக்கீல் தேவிப்பிரியாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பூந்தமல்லி கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் அவள் அலுவலகம். பழைய உத்தரவின் நகலை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன வேணும்னு கேக்கறீங்கக்கா?"

"அந்த ஒரு வரிய எடுக்கணும் மேடம்."

"பொண்ணு உங்ககூட வந்து தங்க வேணாமா?"

அதைக் கேட்கலாம் என்பதே வனஜாவுக்குத் தோன்றியிருக்கவில்லை.

"பிள்ளை விஷயத்துல கோர்ட் ஆர்டர் கல்வெட்டு இல்லக்கா. நெலமை மாறிச்சுன்னா அதே கோர்ட்டுல போய் மாத்திக் கேக்கலாம். ஆனா மாறியிருக்குன்னு நாமதான் காட்டணும்" என்றாள் தேவிப்பிரியா.

மனு போட்டார்கள். மாதத்தில் முதல், மூன்றாம் வார இறுதிகளில் சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிறு மாலை வரை ரோஷினி தாயோடு தங்க வேண்டும், யாரும் உடனிருக்கத் தேவையில்லை என்று. இளங்கோ எதிர்த்து மனு போட்டான். தாயின் நோய் குணமாகக்கூடியது அல்ல, குழந்தை ஏற்கனவே ஒருமுறை பார்த்து மிரண்டுபோயிருக்கிறது, மறுபடி அந்த அதிர்ச்சியைக் கொடுக்கக் கூடாது என்று அதில் இருந்தது. சமரச மையத்தில் இரண்டு முறை உட்கார்ந்தார்கள். இளங்கோ அவள் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு அவமேல கோவம் இல்ல. பயம்தான்" என்று மட்டும் சொன்னான். அப்புறம் வாய்தாவுக்கு மேல் வாய்தா. அவள் ஒவ்வொன்றுக்கும் பர்மிஷன் போட்டுப் பேருந்து பிடித்துப் போய், வேப்பமரத்தடியில் நின்று, தேதி வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

கடைசியில் அவள் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டிய தேதி வந்தது. 'நான்கு ஆண்டுகளாக எனக்கு வலிப்பு வரவில்லை' என்ற வாக்குமூலம் ஏற்கனவே தாக்கலாகிவிட்டது. டாக்டர் சான்றும் கூடவே. தேதிக்குப் பதினெட்டு நாள் முன்பு அவளுக்கு வைரஸ் காய்ச்சல் கண்டது. மாத்திரை போட்டதெல்லாம் வாந்தியில் போயிற்று. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதென்று வேலைக்குப் போனாள். கம்பெனி கேன்டீனில் தட்டை ஏந்திக்கொண்டு நின்றது வரைக்கும்தான் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது இடது பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தாள். தலைக்கடியில் யாருடைய சட்டையோ மடித்து வைத்திருந்தது. லைனில் மெசின்களைச் சரிசெய்து கொடுக்கும் செட்டர் துலுக்கானம் பனியனோடு குந்தியபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நிமிசம் பத்து செகண்டு. ஒண்ணியும் இல்ல தங்கச்சி. சாம்பார்தான் வேஸ்ட்டு."

அவள் அழுதாள். விழுந்ததற்காக இல்லை. நாலு வருடம் எண்ணி எண்ணிச் சேர்த்தது இரண்டு நிமிடத்தில் போயிற்றே என்று அழுதாள். அன்று சாயங்காலமே டாக்டரைப் பார்த்தாள். காய்ச்சலும் விட்டுப்போன மாத்திரையும்தான் காரணம், மருந்து மாற்றத் தேவையில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பூந்தமல்லிக்குப் போனாள்.

தேவிப்பிரியா சீட்டைப் படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள்.

"இது யாருக்குத் தெரியும்?"

"கம்பெனியில எல்லாருக்கும்."

"அவங்க தரப்புக்கு?"

"தெரியாது."

"கூண்டுல நீங்க பொய் சொல்லணும்னு நான் சொல்லவே மாட்டேன். இப்பவே தேதி தள்ளிக் கேக்கலாம். ஆறு மாசம், ஒரு வருஷம் போகட்டும்னு இருக்கலாம். இல்லேன்னா, இருக்கறத இருக்கறபடி சொல்லலாம். அதுல நாம தோத்தாலும் தோப்போம். நீங்கதான் முடிவு பண்ணணும்."

அன்று பேருந்தில் உட்கார இடம் கிடைக்கவில்லை. வானகரம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே யோசித்தாள். ஒரு வருடம் தள்ளினால் மகளுக்குப் பதின்மூன்று. அந்த ஒரு வருடமும் இன்னொரு முறை விழக் கூடாது. விழுந்தால் இன்னும் ஒரு வருடம். அப்படியே போனால், தனக்கு நோயே இல்லை என்று நிரூபித்த பிறகுதான் தாயாக இருக்க முடியும் என்றாகிறது. அவள் நிரூபிக்க வேண்டியது அதுவா? விழுந்தாள், எழுந்தாள், நாளைக் காலை ஏழரைக்கு வேலைக்குப் போவாள். நிலைமை மாறியிருக்கிறது என்று தேவிப்பிரியா காட்டச் சொன்னாளே, அது இதுதானே?

கூண்டில் ஏறிய அன்று நீதிமன்றத்தில் நல்ல கூட்டம். சாவித்திரி பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இளங்கோவின் வக்கீல் அனுபவசாலி. குரலை உயர்த்தாமல் கேட்பவர்.

"நாலு வருஷமா வலிப்பே வரலேன்னு சொல்லியிருக்கீங்க. சரிதானே?"

"சொன்னப்ப சரிங்க. இப்ப இல்ல."

"அப்படின்னா?"

"பதினாறு நாளைக்கு முன்னாடி வந்துச்சு. கேன்டீன்ல விழுந்துட்டேன்."

அவர் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். டாக்டர் சான்றை உடைக்க அவர் எழுதிவைத்திருந்த கேள்விகள் எல்லாம் அந்தத் தாளிலேயே நின்றுபோயின. இளங்கோ தலை நிமிர்ந்து, வழக்கு நடந்த பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, அவளை நேராகப் பார்த்தான்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதை நீங்களா வந்து சொன்னா உங்க வழக்குக்குப் பாதகம்னு தெரியுமா?"

"தெரியுங்க ஐயா."

"பின்னே?"

வனஜா கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இனிமேலும் வரலாம் ஐயா. வராதுன்னு சொல்லி எம்பொண்ண வாங்கிட்டுப் போனா, அப்புறம் அவகிட்டயும் மறைச்சுக்கிட்டேதான் இருக்கணும். வந்தா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். எங்கூட இருக்கறவங்களுக்கும் சொல்லி வெச்சிருக்கேன். சமையல் கேஸ்ல பின் பக்கத்து பர்னர்லதான் பண்றேன், விழுந்தாலும் கை படாது. குளிக்கும்போது தாப்பாள் போடறதில்ல. மாத்திரைய வாந்தி எடுத்தா டாக்டருக்குப் போன் பண்ணணும்னு இப்ப தெரிஞ்சுக்கிட்டேன். வலிப்பு இருக்குன்னு தெரிஞ்சே குடுங்க ஐயா."

அடுத்த சாட்சி துலுக்கானம். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பேர் கேட்டபோது கம்பெனி டோக்கன் நம்பரையும் சேர்த்துச் சொன்னார். அன்றைக்கு என்ன நடந்தது என்று தேவிப்பிரியா கேட்டாள்.

"வுய்ந்திச்சும்மா. நான்தான் புட்ச்சி லெப்டு சைடா கெடத்துனேன். சுத்தி இருந்த பெஞ்சிய நவுத்துனோம். டைம் பாத்துகினு இருந்தேன். அஞ்சி நிமிசத்துக்கு மேல போனாத்தான் ஆஸ்பத்திரி. அதுக்குள்ள எய்ந்துகிச்சி."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதுதான் சொல்லிக் குட்த்துச்சி. வேலைக்கி வந்த மொத வாரமே. வலிப்பு வந்தா சாவிக்கொத்த கையில குடுக்கணும்னு நான் சொன்னேன். 'அண்ணே, சாவிய வெச்சி உங்க ஊட்டத் தொறங்க, எங்கையத் தொறக்காதீங்க'ன்னுச்சி."

கோர்ட் சிரித்தது. எழுத்தர்கூடச் சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "கம்பெனியில பதினொரு பேர் இருந்தீங்க. வீட்டுல குழந்தை மட்டும்தான் இருக்கும். அப்ப வந்தா?"

துலுக்கானம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "அம்பத்தேழு வயசுல எனக்கே மண்டையில ஏறிச்சி சார். அது படிக்கிற புள்ள. அதுக்கு ஏறாதா இன்னா?"

ஒரு வாரம் கழித்து நீதிபதி ரோஷினியைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசினார். இருபது நிமிடம். பள்ளிச் சீருடையில் உள்ளே போனவள் அதே முகத்தோடு வெளியே வந்து, இளங்கோவின் கையைப் பிடித்துக்கொண்டு, போகிற போக்கில் அம்மாவைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கிக் காட்டினாள். என்ன பேசினாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அது உத்தரவில் இருந்தது. ஏழாவது பத்தியில். நீதிபதி அதை வாசித்தார். தாய்க்கு வலிப்பு வந்ததைப் பார்த்தபோது பயமாக இருந்ததா என்று சிறுமியிடம் கேட்கப்பட்டது. சிறுமி சொன்ன பதில், அவள் வார்த்தையிலேயே பதியப்படுகிறது: 'அம்மா கீழ விழுந்தப்ப நான் பயப்படல. எழுந்துடுவாங்கன்னு பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன். சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்தா அம்மாவக் காணோம். எங்கன்னு யாரும் சரியா சொல்லல. அதுதான் பயம்.'

அதற்கப்புறம் வந்ததெல்லாம் வனஜாவுக்குத் தூரத்தில் கேட்பது போல் கேட்டது. நோயை மறைக்காமல் அதனோடு பொறுப்பாக வாழும் ஒருவரின் தாய்மையை அந்த நோயை மட்டும் காட்டிக் குறைக்க முடியாது. வருடம் ஒருமுறை மருத்துவர் சான்று தாக்கல் செய்ய வேண்டும். மாதத்தில் இரண்டு வார இறுதிகள், பள்ளி விடுமுறையில் பாதி நாட்கள். முந்தைய உத்தரவில் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீக்கப்படுகிறது.

வராந்தாவில் தேவிப்பிரியா அவளைக் கட்டிக்கொண்டாள். "இதுக்கு நான் வாதாடவே வேண்டியதில்லக்கா, நீங்களே முடிச்சிட்டீங்க" என்று அவள் சொன்னதற்கு வனஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டு, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தாள். வாய்தாவுக்கு நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சிரித்தாள்.

இளங்கோ படிக்கட்டருகில் நின்றிருந்தான். அவள் தாண்டும்போது, "நீ மருந்து வாங்கப் போயிருக்கேன்னுதான் புள்ளகிட்ட சொன்னேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியல அப்ப" என்றான்.

"இப்ப சொல்லலாம்ல. அவ எங்க போறான்னு யாராவது கேட்டா, அம்மா ஊட்டுக்குன்னு."

அவன் தலையாட்டினான்.

கம்பெனிக்குள் அவள் நுழைந்ததும், "இன்னா தங்கச்சி, கெலிச்சிட்டியா?" என்று துலுக்கானம் மெசின் இரைச்சலுக்கு மேலாகக் கத்தினார். அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். வேலை நடுவில் எதற்கும் மெசினை நிறுத்தாத மனுஷன், பச்சைப் பொத்தானை விட்டு சிவப்பைத் தட்டினார். ஒவ்வொன்றாக லைன் முழுவதும் மெசின்கள் நின்றன. அந்தத் திடீர் நிசப்தத்தில் பதினொரு பேர் கைதட்டினார்கள். சூப்பர்வைசர் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து, விஷயம் தெரிந்ததும் அவரும் தட்டினார்.

முதல் சனிக்கிழமை காலை கரையான்சாவடி வீட்டு கேட்டில் ரோஷினி பையோடு தயாராக நின்றிருந்தாள். சாவித்திரி பக்கத்தில் நின்று, ஏற்கனவே சரியாக இருந்த பையின் ஜிப்பை மறுபடி இழுத்துச் சரிசெய்தாள். கண் சிவந்திருந்தது. "தயிர் சோறுன்னா மூஞ்சத் தூக்கும். ரெண்டு வாய் அதட்டி ஊட்டணும்" என்றாள். வனஜா சரியென்றாள். இருவரும் ரோட்டுப் பக்கம் திரும்பியபோது, "வனஜா" என்று சாவித்திரி கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"எந்தப் பக்கமா திருப்பணும்? இடதா?"

"இடது அக்கா."

"இல்ல, நம்மூட்ல எப்பனா நீ இருக்கசொல்ல வந்துச்சின்னா... தெரிஞ்சி வெச்சிக்கினாத்தானே." சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை முழுக்க அம்மாவும் பெண்ணும் பேசித் தீர்த்தார்கள். ரோஷினி சமையலறை அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். மாத்திரை டப்பாவை எடுத்து, காலை எது, இரவு எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். வனஜா தரையில் படுத்துக் காட்ட, அவளை இடது பக்கமாகத் திருப்பிப் பழகினாள். மூன்றாவது முறை திருப்பும்போது கிச்சுகிச்சு மூட்டிவிட்டாள்.

ஞாயிறு காலை தண்ணி லாரி ஹாரன் கேட்டபோது வனஜா தோசைக் கரண்டியோடு இருந்தாள். ரோஷினி கதவோரம் இருந்த பச்சைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கிவிட்டாள். வனஜா அடுப்பை அணைத்துவிட்டு பால்கனிக்கு ஓடினாள். கீழே இருபது முப்பது குடம், அதைவிட அதிகமாகக் குரல்கள். மகளின் ரெட்டைப் பின்னல் கூட்டத்துக்குள் நுழைந்து மறைந்தது. ஒரு பெண் யாரோ புதுப் பிள்ளை என்று அதட்டி, பச்சைக் குடத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"யாரு நீ? ஒன் ஊடு எங்க?"

"மாடி ஊடு! இது எங்க அம்மா கொடம்!" தெருவுக்கே கேட்டது அந்தக் குரல். "நாங்கதான் அடுத்து!"

வனஜாவுக்குக் கீழே ஓட வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. கைப்பிடிச் சுவரில் கரண்டியோடு கையை ஊன்றி நின்றாள். கூட்டம் கொஞ்சம் விலகியது. குழாய் முனை பச்சைக் குடத்துக்குள் இறங்கியது. நிறைந்த குடத்தை இரண்டு முறை முயன்று இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, உதட்டைக் கடித்தபடி ரோஷினி படியேறி வந்தாள். ஒவ்வொரு படியிலும் தண்ணீர் அலம்பி அலம்பி வழிந்து, வெயில் பட்ட சிமெண்டில் மாடி வரைக்கும் ஈரமாக ஏறிக்கொண்டிருந்தது.